நடு முகத்தை அமத்திய காலை

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பள்ளிக்கூடத்தில் வாங்குப் பலகையின் நுனியில் இருந்து படித்தவள் நான். வீட்டில் சாப்பிடும்போதும் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த முதல் வேலை, நாள் முழுவதும் கதிரையில் இருந்து கணினித் திரையைப் பார்க்கிற வேலை.

கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட ஒரு நிறுவனம், மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்துக் கிளை திறந்திருந்தது. எங்கள் ஊரான பெரியமடுவிலிருந்து தினமும் வந்துபோவது சரிவராது என்று உம்மா என்னை உப்புக்குளத்தில் தன் தங்கை, என் சாச்சியின் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து நடந்தே போகலாம்.

வேலை இதுதான். ஏதோ ஒரு குளிர்தேசத்து வீதிகளின் படங்கள் திரையில் வரும். அதில் தெரிகிற ஒவ்வொரு வாகனத்தையும், ஆளையும், நாயையும் சுற்றிப் பெட்டி கீறி, இது கார், இது சைக்கிள், இது மனிதன் என்று குறிக்க வேண்டும். சாரதி இல்லாமல் ஓடும் கார்களுக்குக் கண் பழக்குவதற்காம். முதல் கிழமை எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. பனி மூடிய காரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. இரண்டாம் கிழமை அது பெட்டி மட்டும்தான்.

கந்தோரின் ஒரு சுவர் மஞ்சள், ஒன்று பச்சை. மூலையில் பஞ்சு மூட்டை மாதிரி மூன்று இருக்கைகள் கிடந்தன. அதில் இருந்தால் எழும்புவதற்கு வேறொருவர் கை கொடுக்க வேண்டும். நாங்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அபாயா போட்டுக்கொண்டு யார் அதில் விழுந்து எழும்புவது? மத்தியானச் சாப்பாட்டுப் பைகளை அதன் மேல் வைத்தோம்.

முகாமையாளர் கொழும்புத் தமிழர். மனைவியையும் மகளையும் அங்கே விட்டுவிட்டு வந்திருந்தார். "இங்க சேர், மேடம் ஒண்ணும் வேணாம். நாம எல்லாரும் ஒரே குடும்பம். என்னையப் பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று முதல் நாளே சொன்னார். வயதில் மூத்த, கல்யாணம் கட்டிய மனிதரை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? சேர் என்றால் முகம் சுளித்தார். கடைசியில் நாங்கள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தோம். "ஒருக்கா இதைப் பாருங்கோ" என்று அவர் இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்வோம். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

காலையில் கணினியைத் திறந்தவுடன் மூன்று முகங்கள் வரும். ஒன்று சிரிக்கும். ஒன்று வாயை நேர்கோடாக வைத்திருக்கும். மற்றது அழுவதுபோல் இருக்கும். 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' என்று ஆங்கிலத்தில் கேட்கும். ஒன்றை அமத்தினால்தான் வேலை தொடங்கும்.

முதல் நாள் நான் தடுமாறியபோது பக்கத்துக் கதிரைக்காரி எட்டிப் பார்த்தாள். பேசாலை ஊர்ப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். எங்கள் எல்லாரிலும் வேகமாகப் பெட்டி கீறுகிறவள் அவள்தான்.

"சிரிக்கிறதை அமத்து."

"எனக்கு இப்ப ஒண்டுமே தோணேல்லையே."

"தோணாட்டியும் சிரிக்கிறதை அமத்து. இல்லாட்டிக் கதைக்கக் கூப்பிடுவினம்."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். சிரிக்கிற முகத்தை அமத்துவது, கதவைத் திறப்பது மாதிரி ஒரு காரியமாகிவிட்டது.

எனக்கு வில்லங்கமாக இருந்தது வேறொன்று. கை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் சுவரில் மாட்டியிருந்த பெரிய தொலைக்காட்சியில் நம் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி செம்மஞ்சளாக மாறும். எல்லோருக்கும் தெரியும். கதிரையை விட்டு எழும்புவதானால் முதலில் காரணத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். தேநீர், கழிவறை, தொழுகை, வேறு. வேறு என்றால் என்னவென்று எழுத வேண்டும். சும்மா எழும்பி இரண்டு எட்டு நடந்துவிட்டு வந்து இருப்பதற்கு அதில் இடமே இல்லை. எனக்கோ அது இல்லாமல் முடியாது. அதனால் தேநீரைத் தெரிவுசெய்துவிட்டு நடைபாதையின் கடைசி யன்னல் வரை போய்த் திரும்பி வருவேன்.

ஒருநாள் முகாமையாளர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். "நீங்க இன்னைக்கு நாலு தரம் டீ குடிச்சிருக்கீங்க. உடம்புக்குக் கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். நான் தேத்தண்ணி குடிக்கிற பழக்கமே இல்லாதவள் என்பதை அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு தேநீரையும் குறைத்தேன். கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களைப் பார்த்துக்கொண்டு போகிறபோது, வரம்பில் நிற்கிற எருமைகளுக்கெல்லாம் மனம் தானாகப் பெட்டி கீறியது. கொக்குக்கு ஒரு பெட்டி. மண்வெட்டியோடு போகிற மனிதனுக்கு ஒரு பெட்டி. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. சாச்சி வீட்டில் சாப்பிட இருந்தால், "என்ன பிள்ளை, சோத்தில விரலால கோடு கீறுறாய்?" என்று சாச்சி கேட்பார்.

சோளகக் காற்று தொடங்கியிருந்த ஒரு காலை அது. தூசி வரும் என்று கந்தோர் யன்னல்களை எல்லாம் பூட்டியிருந்தார்கள். அன்று வீட்டில் சண்டையில்லை, சுகவீனமில்லை. வருகிற வழியில் வீதிக்குக் குறுக்கே கழுதைகள் படுத்திருந்தன. அவை எழும்பும்வரை எல்லாரோடும் நானும் நின்றேன். அப்படிச் சும்மா நின்றது நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு படி ஏறுகிறபோது கால்கள் பின்னுக்கு இழுத்தன. திரையில் மூன்று முகங்களும் வந்தன. நடு முகத்தை அமத்தினேன். யோசித்துச் செய்யவில்லை. அழுகிற முகம் அளவுக்கு ஒன்றும் இல்லை. சிரிக்கிற முகம் பொய். உண்மை நடுவில் இருந்தது.

உடனே ஒரு சின்னக் கட்டம் திறந்து 'ஏன்?' என்று கேட்டது. என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்.

மத்தியானத்துக்குள் கொழும்பு மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் காணொளி அழைப்பில் வந்தார். கண்ணாடி அறையில் என்னை இருத்தினார்கள். வெளியே எல்லோரும் திரையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். அவர் மிகவும் இனிமையாகப் பேசினார். வீட்டில் பிரச்சினையா, கல்யாணப் பேச்சு ஏதும் போகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இருக்க முடியலன்னு எழுதியிருக்கீங்க. டொக்டர்கிட்டக் காட்டினீங்களா? மூலவியாதி நிறையப் பேருக்கு வாறதுதான். வெக்கப்படவே தேவையில்ல."

எனக்குக் காது சுட்டது. "எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை, மேடம். எனக்கு எழும்பி நடக்கவேணும். அவ்வளவுதான்."

"கட்டாயம், கட்டாயம். நான் அத நோட் பண்ணிக்கிறேன்" என்றார்.

சில நாட்களில் என் பெயருக்கு ஒரு பொதி வந்தது. திறந்து பார்த்தால், நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணை. கதிரையில் போட்டு இருப்பதற்கு. நிறுவனத்தின் அன்புடன் என்று ஒரு அட்டையும் இருந்தது. பேசாலைக்காரி மேசையில் தலையை வைத்துக் கண்ணீர் வரச் சிரித்தாள். அவளுடைய புள்ளி செம்மஞ்சளாகிப் போனதையும் கவனிக்கவில்லை. நானும் சிரித்தேன். அது எங்கள் கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிற அளவுக்குப் பிறகு காரியங்கள் கெட்டன.

எல்லாக் கிளைகளிலும் எங்கள் கிளைதான் சந்தோசமான கிளை என்று அதுவரை பெயர் இருந்ததாம். அந்தப் பெயருக்காக நுவரெலியாச் சுற்றுலா ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் நடு முகத்தோடு அது வேறு ஊர்க் கிளைக்குப் போய்விட்டது. முகாமையாளர் கூட்டம் போட்டு, "உங்களுக்குப் பிரச்சினை இருந்தா என்கிட்ட வந்து சொல்லுங்க. அத அங்க அமத்தாதீங்க" என்றார். யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பேசாலைக்காரி அந்தச் சுற்றுலாவுக்கென்று கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருந்தாள். என்னோடு சாப்பிட வருவதை நிறுத்தினாள். ஒருநாள் படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்.

"என்னோட என்ன கோவம்?"

"ஒரு சிரிப்பை அமத்தினா உன்ர விரல் தேஞ்சு போகுமோ?"

"பொய் எண்டு தெரிஞ்சும் அமத்தவோ?"

"நாங்கள் எல்லாரும் பொய்தான் அமத்துறம். நீ மட்டும் என்ன பெரிய ஆளோ? எனக்கு இருக்கிறது சுகமெண்டு நினைக்கிறியோ? எனக்கு முதுகு வெடிக்குது" என்றாள். விறுவிறென்று மேலே ஏறிப் போனாள்.

அவள் சொன்னது என்னை விடவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடி அறைக் கதவைத் தட்டினேன். காரணங்களின் வரிசையில் 'சும்மா' என்று ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

முகாமையாளர் சிரிக்கவில்லை. "அது என் கையில இல்லம்மா. கொழும்பில செஞ்ச புரோகிராம்" என்றார். பிறகு தன் கணினியை என் பக்கம் திருப்பினார். அவருடைய பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி இருந்தது. "நானும் தினம் காலைல அந்தச் சிரிப்பத்தான் அமத்துறேன். மன்னாருக்கு வந்து இவ்வளவு நாளாச்சு, கடலுக்குக் கிட்டப் போய் நின்னதில்ல. நின்னா இந்தப் புள்ளி மாறிடும்."

"ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் சுவர்த் தொலைக்காட்சி கறுப்பாக இருந்தது. "ரிமோட்டக் காணல்ல" என்று பொதுவாக ஒரு அறிவிப்புச் செய்தார். புதிது வாங்கக் கொழும்புக்கு எழுதியிருப்பதாகவும், அது வரும்வரை வேறு என்பதை அமத்தி, காரணம் எழுதும் இடத்தில் வெறும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழும்பலாம் என்றும் சொன்னார். அன்று முதலில் எழும்பியது நான் அல்ல. பேசாலைக்காரி. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு யன்னல் வரை நடந்து போனாள். திரும்பி வரும்போது என் கதிரையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் இறால் பொரியலை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அந்தக் கொஞ்ச நாட்களில் நாங்கள் செய்த வேலை கூடியதோ குறைந்ததோ எனக்குத் தெரியாது. நடைபாதையில் ஆட்கள் இருந்தார்கள். அதுவரை பெயர் மட்டும் தெரிந்தவர்களின் ஊர் தெரிந்தது.

பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். கறுத்துக் கிடந்த தொலைக்காட்சியைக் கண்டார், பக்கத்துச் சுவரில் இருந்த மின் ஆழியை விரலால் தட்டினார், திரை எரிந்தது. அந்த மாத முடிவில் முகாமையாளரை வேறு பிரிவுக்கு எடுத்தார்கள். கேக் வெட்டினோம். வாழ்த்து அட்டையில் எல்லோரும் எழுதினோம். அப்போதும் அவரை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல், அழைக்காமலே எழுதினேன். பிறகு அவர் நிறுவனத்தையே விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

கிளைக்குப் பொறுப்பாகப் பேசாலைக்காரியைப் போட்டார்கள். வேகமாகக் கீறுகிறவள், சரியான தெரிவுதான். முதல் நாளே என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீ எப்ப வேணுமெண்டாலும் எழும்பு. ஆனா என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு எழும்பு."

"உன்னட்டைக் கேட்டுத்தான் நான் நடக்கவேணுமோ?"

"அப்ப என்னை என்னடி செய்யச் சொல்லுறாய்? முன்னம் இருந்தவரை என்ன செய்தவை எண்டு பார்த்தனிதானே."

அவளை நோக மனம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளிடம் சொல்லிவிட்டு எழும்பினேன். ஒவ்வொரு தடவையும் அவள் தலையை ஆட்டினாள். அது இரண்டு பேருக்கும் ஒரு சித்திரவதையாகிப் போனது. மழை தொடங்க முன்னம் வேலையை விட்டேன். வாப்பாவுக்குப் போனில் சொன்னேன். "வீட்டை வா" என்றார்.

இப்போது ஒரு விவசாயத் திட்டத்துக்காக வயல் வயலாகப் போய், யார் என்ன நெல் விதைத்திருக்கிறார்கள், எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று கைக்கணினியில் பதிகிறேன். நடக்கிற வேலை. ஆனால் மனம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கேயும் ஒரு செயலி இருக்கிறது. நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று அது யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது. திட்டம் எப்போது முடியும் என்று கேட்டால் ஒருவரும் தெளிவாகச் சொல்கிறார்களில்லை. வரம்பில் நிற்கும்போதே அடுத்தது என்ன என்று நினைப்பு ஓடுகிறது.

போன கிழமை பேசாலைக்காரி போன் எடுத்தாள். ஒரு விசயமும் இல்லை, சும்மா எடுத்தாளாம்.

"என்னடி இரைச்சல்?"

"காத்து. அடம்பன் வயல் பக்கம் நிக்கிறன். உங்க கந்தோரில எப்பிடி?"

"புதுசா ஆக்கள் எடுத்திருக்கினம். ரெண்டு பேர் ஒரு கிழமையில போயிட்டினம்." குரலைத் தாழ்த்தினாள். "உங்க, உன்ர வேலையில இன்னும் ஆள் எடுக்கினமோ?"

"ஆருக்குக் கேக்கிறாய்?"

"சும்மாதான் கேட்டனான்" என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "பொறு, வாறன்" என்று அவர்களுக்குச் சொன்னாள். "பின்னேரம் எடுக்கிறன், போனை வையடி" என்று எனக்குச் சொன்னாள்.

அவள் எடுத்தால் சொல்ல விசாரித்து வைத்திருக்கிறேன். ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் சொன்னார்கள்.