வெள்ளச்சிக்குப் போட்ட சங்கிலி

கும்மிடிப்பூண்டிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவே இருக்கிற விமானத் திடலின் ஓடுதளம் எவ்வளவு நீளம் என்றால், இந்த முனையில் தமிழில் உறுமிக்கொண்டு கிளம்புகிற விமானம் அந்த முனையைத் தொடும்போது தெலுங்கில் உறுமும். சரி, கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லியாயிற்று. கரும்பு ஏற்றிய லாரி ஒன்று வேகம் பிடித்து, பயந்து, பிரேக் போட்டு நிற்கிற தூரம்தான் அது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள், மறுபக்கம் துளசிராமனின் நெல் வயல். நடுவே ஒரு தகரக் கொட்டகையும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டக் கம்பத்தில் தொங்கும் கிழிந்த துணிக்குழாயும். இவ்வளவுதான் அந்த விமான நிலையத்தின் சீரும் சிறப்பும்.

இதில் நிரந்தரமாகக் குடியிருந்தது ஒரே ஒரு விமானம். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் ஏறினால் கதவு மூடாது. வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்ததால் ஊர்க்காரர்கள் அதற்கு வெள்ளச்சி என்று மாட்டுப் பெயரே வைத்துவிட்டார்கள். அதன் சொந்தக்காரி சுகிர்தா.

சுகிர்தாவின் அம்மா விக்டோரியா, ஓடுதளத்தை ஒட்டிய அதே துளசிராமன் வயலில் நாற்று நட்டவர். வயல் வேலை வற்றியதும் அப்பா தாவீது சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைக்குப் போனார். நெருப்புக்கு முன்னால் நின்று நின்று அவருடைய புருவ முடி திரும்ப முளைக்கவே இல்லை. அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை மகள் கையில் கொடுத்து, “எனக்கு ஊடு வாணாம்மா, நீ மேல போ” என்றார். வங்கிக் கடனையும் சேர்த்து, வெளியூரில் மூடிப்போன பயிற்சிப் பள்ளி ஒன்றிடமிருந்து சுகிர்தா வெள்ளச்சியை வாங்கினாள். பறக்கக் கற்றுத்தரும் தகுதி அவளுக்கு முன்பே இருந்தது. இப்போது விமானமும் வந்தது. மாணவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பிழைப்பு ஓடியது.

அப்புறம்தான் திடலைக் குத்தகைக்கு எடுத்தது ஒரு கம்பெனி.

கம்பெனியின் சார்பில் நிர்வாகியாக வந்தவர் பரத். வெயிலில் நிற்கும்போதுகூடக் கசங்காத சட்டை. வந்த முதல் வாரம் அவர் செய்த முன்னேற்றம், கொட்டகையின் வாசலில் ஒரு கட்டணப் பலகை நட்டது. விமானப் பெட்ரோல் ஏற்கெனவே கார் பெட்ரோலைப் போல ஒன்றரைப் பங்குக்கு மேல் விற்றது. பலகை வந்த பிறகு, அது மாதத்துக்கு ஒருமுறை புது விலை போட்டுக்கொண்டது. அது போகட்டும், எண்ணெய் எங்கிருந்தோ கப்பலில் வருகிறது, அவர்கள் சொல்வதுதான் விலை என்று பொறுத்துக்கொள்ளலாம். சுகிர்தாவின் வயிற்றைப் பற்றவைத்தது பலகையில் அதற்கடுத்து இருந்த வரி. விமானம் தரையில் நிற்பதற்குக் கட்டணம். எடைக்கு ஏற்றபடி. வெளியூர் விமானம் என்றால் மணிக்கணக்கில். விடுமுறை நாளில் இரட்டிப்பு.

“நின்னா காசா? வெள்ளச்சி இன்னா லாட்ஜுல ரூம் போட்டுக்கீதா சார்?” என்று கேட்டாள்.

“மேடம், நிற்கிற இடம்கிறது ஒரு சர்வீஸ்.”

“புல்லு மொளைச்ச தரை சார் அது. கூரை இல்ல, வெளக்கு இல்ல, மழை பேஞ்சா முழங்கால் சேறு. மாடு வந்து மேஞ்சுக்கினு நிக்குது பாருங்க. அதுக்கு இன்னா ரேட்டு?”

“நான் போடல மேடம். பாலிசி.”

இந்தப் பாலிசி என்கிற ஆசாமியை யாரும் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு முகம் கிடையாது, பல் மட்டும் உண்டு.

செலவைக் குறைக்கிறோம் என்று காவல்காரரையும் ரசீது கொடுப்பவரையும் பரத் வேலையிலிருந்து நிறுத்தினார். மிஞ்சியவர் ஜெகன் ஒருவர்தான். எண்ணெய் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றுவது அவர் வேலை. இனிமேல் நிற்கும் விமானங்களுக்குச் சீட்டுப் போடுவதும், பாக்கி வைத்திருப்பவர்களின் சக்கரத்தில் சங்கிலி பூட்டுவதும் அவர் வேலை என்று ஆனது. அதற்காகப் பரத் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கித் தந்தார்.

“யாருக்கு சார் போடணும்?” என்று ஜெகன் கேட்டார்.

“யாருக்குப் பாக்கி அதிகமோ அவங்களுக்கு. யாரா இருந்தாலும் பார்க்காதே.”

“சரி சார்,” என்றார் ஜெகன். முப்பது வருடம் முதலாளிகளிடம் வேலை பார்த்தவர் சொல்கிற ‘சரி சார்’ அது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

சுகிர்தா திடலுக்கு வழக்கமாகக் கட்டிவந்த பழைய வாடகையை மட்டும் கட்டினாள். நிற்பதற்கான கட்டணத்தைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இந்தச் சமயத்தில் அவளுடைய மூன்று மாணவர்களில் ஒருவர் தனியாகப் பறக்கத் தயாராக இருந்தார். அவர் வேறு யாருமில்லை, துளசிராமனேதான். ஐம்பதைத் தாண்டியவர். வாழ்நாளெல்லாம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்ததை ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்து சேர்ந்தவர். முதல் மாதம் அவர் தரையிறக்கிய அழகைப் பார்த்து வயலில் இருந்த கொக்குகள் குடும்பத்தோடு ஆந்திராவுக்குக் குடிபெயர்ந்தன என்பார்கள்.

“சார், வலது காலை அமுக்குங்க. கால் சார், கால். ஏர் புடிக்கிறாப்ல உடம்பச் சாய்க்காதீங்க.”

“சாய்க்கலியே டீச்சரம்மா.”

“சாய்க்கலன்னா சிப்காட்டு ஏன் சார் சாஞ்சு கெடக்குது?”

தன் வயலில் நாற்று நட்டவரின் மகள் தன்னை அதட்டுவது துளசிராமனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு அவள் அதட்டாத நாளில்தான் அவருக்குப் பயம் வந்தது.

முதன்முதலாகத் தனியாக மேலே போகும் நாள் விஜயதசமியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சுகிர்தாவும் ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு பறத்தலைத்தான் மற்ற இரண்டு மாணவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நடந்தால் அவர்கள் தொடர்வார்கள். நடக்காவிட்டால் பயிற்சியும் போயிற்று, வெள்ளச்சியும் போயிற்று.

முந்தைய நாள் ஆயுத பூஜை. கிறிஸ்தவ வேதத்தில் ஊறிய வீட்டுப் பெண் என்றாலும் சுகிர்தா அன்றைக்கு வருடா வருடம் வாழைக்கன்று வாங்கி வருவாள். கருவிக்கு மரியாதை செய்வதில் மதம் என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. வெள்ளச்சியின் இறக்கைத் தாங்கியில் வாழைக்கன்று கட்டி, மூக்கில் சந்தனம் வைத்தாள். துளசிராமன் வீட்டுச் சுண்டலும் பொரியும் வந்து சேர்ந்தன. பரத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“எல்லாத்துக்கும் வைங்க. எண்ணெய் வண்டிக்கும் பொட்டு வைங்க. மேலிடத்துக்கு போட்டோ அனுப்பணும்.”

அவரே தட்டை வாங்கி எண்ணெய் வண்டியின் எதிரே தள்ளி நின்று கற்பூரம் காட்டினார். சுண்டலை இரண்டு கை நிறைய வாங்கிச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஜெகனைப் பார்த்து, “அந்தச் சங்கிலியைப் போட்டுடு” என்றார்.

வெள்ளச்சியின் முன்சக்கரத்தில், சாமந்திப்பூ மாலைக்குக் கீழே, சங்கிலி விழுந்தது.

“பூ போட்ட அன்னிக்கா சார்?” சுகிர்தாவின் குரல் எழும்பவே இல்லை. “மாட்டுக்குப் பொங்கல் அன்னிக்கு மூக்கணாங்கயிறு கூட புதுசாத்தான் மாத்துவாங்க. நீங்க எங்க சுண்டலத் தின்னுப்புட்டு எங்க காலையே கட்டுறீங்க.”

“நாளைக்குக் காலைல பாக்கியைக் கட்டுங்க மேடம், கழட்டிடலாம். இன்னிக்கு விடுமுறை ரேட்டும் சேரும்.”

துளசிராமன் பையில் கை விட்டார். “நான் குடுத்துடறேன் டீச்சரம்மா.”

“வாணாம் சார். இன்னிக்கு நீங்க குடுத்தா நாளைக்கு மூச்சு உடறதுக்கும் போர்டு வைப்பாங்க.”

அவள் வெள்ளச்சியின் இறக்கைக்குக் கீழே சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வானத்தில் சத்தம் கேட்டது. இரட்டை எஞ்சின் வைத்த பளபளப்பான விமானம் ஒன்று இறங்கியது. கம்பெனியின் முதலாளி. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற வழியில் எண்ணெய் போட்டுக்கொள்ள வந்திருந்தார். விமானம் அவர் மைத்துனருடையது. பரத் ஓடினார். ஜெகன் ஓடவில்லை.

“எண்ணெய் ஊத்து,” என்றார் பரத்.

“பூஜைல வெச்சிட்டோமே சார். நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்.”

“ஜெகன், இது முதலாளி.”

“தெரியுது சார். கற்பூரம் காட்டினது நீங்கதானே.”

பரத் தானே வண்டியைத் தள்ளக் கை வைத்தார். முதலாளி தடுத்துவிட்டார். அவர் விரல்களில் மோதிரங்கள் போக இடமில்லை. நல்ல நேரம் பார்க்காமல் பல் துலக்காத மனிதர். பொட்டு வைத்த வண்டியைப் பூஜை நாளில் நகர்த்தி, அந்த எண்ணெயில் ஆகாயத்தில் பறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு, காரில் சென்னைக்குப் போனார்.

மறுநாள் காலையில் துளசிராமன் தலைக்குக் குளித்து, நாஷ்டா கூடச் சாப்பிடாமல் வந்து நின்றார். சுகிர்தா அவருக்கு முன்பே வந்துவிட்டாள். வெள்ளச்சியின் சக்கரத்தில் சங்கிலி இல்லை.

அது முதலாளி வந்த விமானத்தின் சக்கரத்தில் இருந்தது. அதன் எஞ்சின் விசிறியில் ஒரு சீட்டும் செருகியிருந்தது.

கார் வந்தது. முதலாளி சீட்டைப் படித்தார். வெளியூர் விமானம், மணிக்கணக்கு, எடை, விடுமுறைக்கு இரட்டிப்பு. அவர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது.

“இது என்ன பகல் கொள்ளை? யார் போட்டது இந்தச் சங்கிலி?”

“நான்தான் சார்,” என்றார் ஜெகன். “பாக்கி யாருக்கு அதிகமோ அவங்களுக்குப் போட சொன்னாரு. சங்கிலி ஒண்ணுதான் வாங்கிக் குடுத்தாரு. டீச்சரம்மா பாக்கியை உங்க ஒரு ராத்திரி தாண்டிடுச்சி. அதனால அவுத்து இங்க போட்டேன்.”

“புல்லுத் தரையில நின்னதுக்கா இவ்வளவு? கூரை உண்டா? விளக்கு உண்டா?”

“அதைத்தான் சார் நாங்களும் கேட்டுக்கினே இருக்கிறோம்,” என்றாள் சுகிர்தா. “உங்களுக்கு ஒரு ராத்திரி. எங்களுக்கு மாசம் முழுக்க. நீங்க கோவப்பட்டா கேள்வி, நாங்க கோவப்பட்டா பாக்கியா?”

முதலாளி பரத்தின் பக்கம் திரும்பினார். “இந்த ரேட்டை எந்த மடையன் போட்டான்?”

பரத் கசங்காத சட்டையை இன்னொரு முறை நீவிவிட்டுக்கொண்டார். “நீங்கதான் சார் கையெழுத்து போட்டீங்க.”

காற்று கூட ஒரு நிமிடம் நின்றது. துணிக்குழாய் தொங்கிப்போனது.

முதலாளி சங்கிலியைப் பார்த்தார், சுகிர்தாவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பார்க்கிங் கட்டணத்தை நிறுத்தி வை,” என்று மட்டும் சொன்னார். ஜெகன் சங்கிலியைக் கழற்றி, மறுபூஜை முடித்து, எண்ணெய் ஊற்றினார். முதலாளி போனார்.

அதற்குப் பிறகு சுகிர்தா வெள்ளச்சியின் கதவைத் திறந்து துளசிராமனை உட்கார வைத்து, தான் இறங்கிக்கொண்டாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

“சாய்க்காதீங்க சார்.”

“மாட்டேன் டீச்சரம்மா.”

பழம் நசுங்கியது. வெள்ளச்சி ஓடியது, எழும்பியது. வயலைச் சுற்றி, புகைபோக்கிகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, தரையில் ஒரு குதி குதித்து, இறங்கியது. துளசிராமனின் மனைவி லட்சுமியம்மாள் லட்டுத் தூக்கைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார்.

“எடுத்துக்கோ ஜெகன். பார்த்தியா, நம்ம சுகிர்தா அந்தக் கம்பெனிக்காரனையே ஜெயிச்சிட்டா. இனிமே பார்க்கிங்கும் இல்ல, பெட்ரோல் விலையும் எறங்கிடும்.”

ஜெகன் லட்டை வாங்கிக்கொண்டார்.

“ஜெயிக்கலக்கா. பார்க்கிங்க எடுக்கல, பொங்கல் வரைக்கும் தள்ளி வெச்சிக்கிறாங்கன்னு பரத் சார் சொன்னாரு. பெட்ரோலு காலைலயே ஏறிப்போச்சி, போர்டுல இன்னும் எழுதல.”