லூசியன் சிர்ரின் தேர்தல் பலகை

கிளோடெட் வெலெட்டை நீதிபதியாக்க ஆளுநர் முன்மொழிந்தபோது ஃபோர்ட் கென்ட் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடியே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். கள்ளத்தனமாக மான் சுட்டவன், குடித்துவிட்டுப் பனிவண்டி ஓட்டியவன் என்று எல்லோர் பக்கத்திலும் நின்றிருக்கிறாள்.

ஆனால் தலைநகர் அகஸ்டாவில் சட்டமன்றக் குழு விசாரித்து ஒப்புக்கொண்டால்தான் பதவி. அந்தக் குழுவில் செனட்டர் ஹாஸ்கெல் இருந்தார். அவரிடம் ஒரு புகைப்படம் இருந்தது. கிளோடெட்டின் வீட்டு முன்புறம், முழங்கால் அளவு பனி, நடுவே ‘லூசியன் சிர்ருக்கு வாக்களியுங்கள்’ என்ற பெரிய மரப்பலகை. நவம்பர் தேர்தலில் ஹாஸ்கெலை எதிர்த்து நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றவர்தான் லூசியன்.

பலகையை நட்டவன் அவள் கணவன் ரோஸேர். லூசியனோடு உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவன். தேர்தல் முடிந்ததும் அதைப் பிடுங்கியிருக்க வேண்டும். வேட்டைக்குப் போகிற மும்முரத்தில் விட்டுவிட்டான். அதற்குள் மண் உறைந்து கம்பத்தைக் கவ்விக்கொண்டது.

“ரம்பத்தால அறுத்துப் போட்டுடறேன் கிளோ.”

“படம் எடுத்தாச்சு. இப்ப அறுத்தா ஊரே சிரிக்கும். விடு.”

விசாரணை நாள் காலையில் ஆளுநர் அலுவலகத்து இளைஞன் ட்ரெவர் அவளைச் சட்டமன்றத் தாழ்வாரத்தில் ஓரமாக அழைத்துப் போனான்.

“வீட்டுக்காரர் நட்டார்னு சொல்லுங்க மேடம். உண்மைதானே? அதோட நிறுத்திக்குங்க.”

“நான் கம்பத்தைப் பிடிச்சேன் ட்ரெவர்.”

“யாராவது பார்த்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப நீங்க பிடிக்கல.”

கிளோடெட்டுக்குச் சிரிப்பு வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மேலே ஒரு வார்த்தை பேசாதே என்று தான் வாதாடியவர்களுக்கு அவளே எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! கூண்டில் நிற்பவனுக்கு அது பாதுகாப்பு. மேலே உட்காரப் போகிறவளுக்கும் அதேதானா? யோசித்து முடிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஹாஸ்கெல் படத்தைத் தூக்கிக் காட்டினார். “இது உங்க வீடுதானே?”

“ஆமா, செனட்டர்.”

“பலகையை நட்டது யாரு?”

“என் வீட்டுக்காரர். பின்னாடி உட்கார்ந்திருக்கார்.”

“உங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல?”

ட்ரெவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருக்கு. அவருக்குத் தோள்ல ஆபரேஷன். ஒரு கையாலதான் சுத்தியல் அடிக்க முடியும். கம்பத்தை நான்தான் பிடிச்சேன்.”

ட்ரெவர் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப என்னைத் தோற்கடிக்க நீங்களும் பாடுபட்டிருக்கீங்க!”

“கம்பம் சாயாம இருக்கப் பாடுபட்டேன். யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்ல.”

“சத்தியமா சொன்னதில்லீங்க!” என்று பின்வரிசையிலிருந்து ரோஸேர் எழுந்தான். “கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுப் பார்க்கறேன்!”

அறை சிரித்தது. குழுத் தலைவி சுத்தியலைத் தட்டி அவனை உட்காரச் சொன்னார். ஹாஸ்கெல் மட்டும் சிரிக்கவில்லை.

“நாளைக்கு என் வழக்கு உங்ககிட்ட வந்தா?”

“கம்பம் பிடிச்ச கதையை முதல்ல உங்ககிட்டயே சொல்லுவேன். வேற நீதிபதி வேணுமான்னு கேப்பேன். வேணும்னா விலகிக்குவேன்.”

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்றார்.

வாக்கெடுப்பில் பெரும்பாலான கைகள் உயர்ந்தன. ஹாஸ்கெலின் கை உயரவில்லை. இனி மேலவையில் ஒரு வாக்கெடுப்புதான் பாக்கி. குழு சொன்னதை அங்கே மாற்றுவது அபூர்வம்.

“ஒரு ஓட்டை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே மேடம்!” என்றான் ட்ரெவர், வெளியே வந்ததும்.

“அவர் மேல தப்பில்லப்பா. அவர் இடத்துல நான் இருந்தாலும் யோசிச்சிருப்பேன்.”

அதைச் சொன்ன பிறகுதான், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. ரோஸேர் வண்டியில் டோநட் வாங்கி வைத்திருந்தான். நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் அவனுடையதையும் சேர்த்துத் தின்று தீர்த்தாள்.