எண்ணெய் உடம்போடு ஒரு குதிரைச் சவாரி

ஐந்தருவியில் தண்ணீர் கூடியதால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அதற்குள் நான் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து முடித்திருந்தேன்.

“சும்மா நிக்கதுக்குக் குதிரையில ஒரு சுத்து போய்ட்டு வாங்களேன்,” என்று மனைவி படம் எடுக்க போனை நீட்டினாள். குதிரை என்றாலே எனக்குத் தொடை நடுங்கும். அதை அவளிடம் சொல்ல வெட்கம்.

குதிரைக்காரர் ஒல்லி, சாரலுக்குத் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்திருந்தார். “எண்ணெயத் தேச்சிட்டுக் குதிரை ஏற வந்த ஆள இப்பதான் பாக்கேன் அண்ணாச்சி,” என்று சிரித்து, தன் துண்டைச் சேணத்தில் விரித்தார்.

அப்படியும் வழுக்கியது. கண்களை இறுக மூடிக்கொண்டேன். அவர் குதிரையின் காதருகே ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தார்.

“பயப்படாதட்டி. ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேம்லா.”

என்னைச் சுமப்பதற்கு அது பயப்படுகிறது என்றதும் பாவமாகிவிட்டது. கண் திறந்து அதன் கழுத்தைத் தடவினேன். “பயப்படாத தாயி,” என்றேன். என் நடுக்கம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. இன்னொரு சுற்றும் கேட்டுப் போனேன்.

இறங்கியதும், “குதிரைக்கு ஏன் அண்ணாச்சி இவ்வளவு பயம்?” என்றேன்.

“அதுக்கு என்ன பயம்? அதுக்குச் சொல்லுத மாதிரி நான் எனக்குல்லா சொல்லிக்கிட்டேன். குதிரை மச்சானுக்குள்ளது, அவன் ஊருக்குப் போயிருக்கான். நான் தென்காசில ஆட்டோ ஓட்டுதேன்.”

இப்போதெல்லாம் தென்காசியில் ஆட்டோ ஏறும்போது ஓட்டுநரின் முகத்தை எட்டிப் பார்க்கிறேன். ஆட்டோவிடமும் அவர் அப்படிப் பேசுவாரா என்று தெரிந்தாக வேண்டும்.