என் முதல் கல்யாணப் பத்திரிகை

எனக்கு முதல் கல்யாணம் ஆனபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். நசரத்பேட்டையில் மண்டபம், காலை ஆறு முதல் ஏழரைக்குள் முகூர்த்தம், மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லுகிற மாதிரி எதுவும் நடக்கவும் இல்லை. பி.எஃப். பணத்தை எடுப்பதற்காக என் அப்பா ஆவடியில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்து அடித்த பத்திரிகை அது. அதில் போட்டிருந்த பெயரில் மாப்பிள்ளையும் கிடையாது, அந்தக் காலத்தில் நசரத்பேட்டையில் அந்த மண்டபமும் கிடையாது.

அப்பாவுக்கு ராணுவத் தளவாட பேக்டரியில் வேலை, எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டுமென்றால் ஏதாவது காரணம் காட்டியாக வேண்டும். வீடு கட்டணும், வைத்தியம் பார்க்கணும், இல்லையென்றால் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும். வீடு கட்ட மனையைக் காட்ட வேண்டும், வைத்தியத்துக்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். கல்யாணத்துக்குப் பத்திரிகை போதும். அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் பெண்களைப் பெற்றவர்கள் எல்லாம் பத்திரிகை அடித்துத் தள்ளினார்கள். எங்கள் வரிசையில் மட்டும் அந்த வருஷம் மூன்று பேருக்குக் காகிதத்தில் கல்யாணம் ஆனது. அதில் ஒருத்தி எட்டாவது படித்தாள்.

அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்றால், அத்தை மகளின் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் செய்ய வேண்டுமாம். செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஒரு புடவையும் பழத்தட்டும் வைத்தால் அத்தை என்ன அடித்தா துரத்தப்போகிறாள்? இவர் பீரோ, ஒரு சவரன் சங்கிலி, முப்பத்தோரு தட்டு, முன்னால் பேண்டு வாத்தியம் என்று ஊரையே கூட்டினார். எங்கள் வீட்டில் அப்போது துணிகளை டிரங்குப் பெட்டியில்தான் வைத்திருந்தோம். சீர் வைத்த பணம் அத்தனையும் பத்து வட்டி. கொடுத்தவர் சம்பளத்தன்று பேக்டரி கேட்டுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். அப்பா சம்பளக் கவரைப் பிரித்து அவருக்கு வட்டி கொடுத்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். அசல் அப்படியே அலுங்காமல் இருக்கும். அதை அடைக்கத்தான் இந்தப் பத்திரிகை.

பி.எஃப். பணம் வந்ததும் அந்தக் கடனை முடித்திருந்தாலாவது சரி, தொலையட்டும் என்று விட்டிருப்பேன். பாதிக் கடனை அடைத்துவிட்டு மீதியில் கலர் டி.வி. வாங்கிவந்தார். "திரும்ப இவ்ளோ பணம் கையில எப்போ சேரப்போவுது?" என்றார். அடேங்கப்பா, என்ன மூளை! கடனை அடைக்க எடுத்த பணத்தில் டி.வி., வட்டிக்காரர் மறுபடியும் கேட்டில். போதாததற்கு எடுத்த பணத்துக்கும் மாசாமாசம் சம்பளத்தில் பிடித்தம். ஒரு கடன் இரண்டானது. அம்மா டி.வி.க்குப் பூப்போட்ட உறை தைத்தாள்.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது மளிகைக் கடையில். ஐம்பதுக்குக் குறைத்து அடிக்க மாட்டேன் என்று பிரஸ்காரர் சொல்லிவிட்டதால், ஆபீசுக்குக் கொடுத்த ஒன்று போக நாற்பத்தொன்பது பத்திரிகைகள் வீட்டில் மிஞ்சியிருந்தன. நல்ல கெட்டிக் காகிதத்தை வீணாக்குவானேன் என்று அம்மா அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுத ஆரம்பித்திருந்தாள். துவரம் பருப்பு கால் கிலோ, சீரகம் நூறு என்று எழுதின சீட்டை நானும் மடித்தபடியே கொண்டுபோய்க் கொடுத்தேன். சேக்காட்டுக் கடைக்காரர் பிரித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கண்ணாலம் ஆயிகீதா? ஒரு வார்த்த சொல்லவேயில்ல?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். திருவளர்ச்செல்வி என்று போட்டு என் பெயர், தங்க நிறத்தில். கடையில் இருந்த நாலு பெண்களும் என் கழுத்தைப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. பருப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து பத்திரிகையை அப்பா முன்னால் போட்டேன்.

"பேரைத்தானே போட்டேன்? உன்னையவா புடிச்சுக் குடுத்துட்டேன்?" என்றார். "ஊருல நடக்காததா? ரொம்பத்தான் குதிக்கிற" என்றாள் அம்மா. டி.வி.யில் இருந்து கண்ணை எடுக்காமல்தான் இரண்டு பேரும் சொன்னார்கள்.

அடுத்த ஆனியில் எனக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்தது. பத்து நாளைக்குள் பணம் கட்ட வேண்டும். எனக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அப்பா அசரவே இல்லை. "பிள்ளைங்க படிப்புக்கு அட்வான்ஸ் இருக்கு, எழுதிப் போட்டா ஒரு வாரத்துல வந்துடும்" என்று மிடுக்காகக் கிளம்பிப் போனார். அந்தப் பிரிவில் புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். ஃபைலைப் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. "உங்களுக்கு ஒரே பொண்ணுதானே சார்? போன வருஷம் கல்யாணம் ஆயிடுச்சே. கல்யாணமான பொண்ணுக்குத் தரமாட்டாங்க. மாப்பிள்ளை படிக்க வைக்க மாட்டாரா?" என்று கேட்டாராம். கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் பொய்ப் பத்திரிகைக்கு மெமோ கிடைக்கும், வேலைக்கே ஆபத்து. அப்பா வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. "அந்தம்மாவுக்குக் கொஞ்சம்கூட ஈவு இரக்கம் இல்ல" என்றார்.

டி.வி.யை வித்துடுங்கப்பா என்று கெஞ்சினேன். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். அந்த நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் ஒன்றும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக என் சீட்டு போயிற்று. பத்தாவது நாள் நான் அழுதேன். டி.வி. சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு அவரை நான் மனசார வெறுத்தேன், அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை.

மண்ணூர்பேட்டையில் சுவிட்சு செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அட்டைப்பெட்டி மடித்து ஒட்டுகிற வேலை. சம்பளத்தில் பஸ் காசு போக மிச்சத்தை அம்மாவிடம்கூடக் காட்டாமல் போஸ்ட் ஆபீசில் போட்டேன். இரண்டு வருஷம். நடுவில் அப்பா இரண்டு முறை கைமாற்று கேட்டார், இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். கையில் இல்லாததைச் செலவழிக்காதே, தப்பித்தவறிக் கடன் வாங்கினால் எதற்கு வாங்கினாயோ அதற்கே செலவு செய், வட்டி ஜாஸ்தியாக ஓடுகிறதை முதலில் முடி. இதில் என்ன கம்பசூத்திரம் இருக்கிறது? பெட்டி ஒட்டிய பெண்களுக்குத் தெரிந்திருந்தது. மைக்ரோமீட்டர் வைத்து இரும்பை அளந்த என் அப்பாவுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் டிரெயினிங் சேர்ந்தேன், முடித்தேன், பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்வதாக முடிவானது. கோவிலில் தாலி, வந்தவர்களுக்குக் கேசரி, காபி. இரண்டு பேர் சேமிப்பிலும் அது அடங்கியது. அப்பாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கடன் விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருஷம்தான் இருந்ததால் அவரை நம்பி யாரும் கொடுக்கத் தயாராக இல்லை.

"எல்லாம் பேசி முடிச்சுட்டேன். நீ ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டா போதும். மண்டபம், மேளம் எல்லாம் ஜாம்ஜாம்னு பண்ணிடலாம். பத்திரிகைக்குக்கூடச் சொல்லிட்டேன்."

"எனக்குத்தான் ஏற்கெனவே பத்திரிகை அடிச்சு, மண்டபம் புடிச்சு, கல்யாணம் பண்ணிட்டீங்களேப்பா. அந்தக் கடனே இன்னும் உங்க சம்பளத்துல புடிக்கிறாங்க. முதல்ல அதை அடைங்க. என் பேரை ஒரு தடவைதான் குடுப்பேன், அதை நீங்க கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க."

கையெழுத்து போடவில்லை. அப்பா பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

கல்யாணத்தன்று கோவிலுக்குப் பட்டு வேட்டியில் வந்தார். தாலி கட்டி முடிந்ததும் என் கையில் ஒரு கவரை வைத்து அழுத்தினார். ஐந்நூற்றியொரு ரூபாய். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் கேட்டேன்.

"யாருகிட்ட வாங்கினீங்க?"

"நம்ம பிரஸ்காரர்கிட்டதான். தெரிஞ்சவர், வட்டி கிடையாது" என்றார். அப்படி ஒரு பெருமை முகத்தில்.

மறுநாள் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் ஆவடிக்குப் போனோம். பிரஸ்காரர் மை படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். அப்பா பெயரைச் சொன்னதும் நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, இவுரு நெஜ மாப்ளயா?"

"ஆமா" என்றேன். ஐந்நூற்றியொன்றை அவர் மேஜையில் வைத்து, எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.