செத்த கீபோட்டுக்கு ஒரு ஃபேன்

ஆரையம்பதி உதயரூபனின் கீபோட் செத்து மூன்று வருடமாகிறது. வாவிக் காற்றின் உப்பு உள்ளே போய், கட்டைகளைத் தவிர எல்லாவற்றையும் தின்றுவிட்டது. பகலில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவனுக்குப் புதிது வாங்க வழியில்லை. உள்ளங்கையளவு கேம் விளையாடும் கருவியொன்றைப் பிடித்து, நாற்பது வருடப் பழைய சிந்தசைசர்களின் ஓசையை அப்படியே எழுப்பும் செயலிகளை அதில் ஏற்றிக்கொண்டான்.

அவன் வாசிக்கும் இசைக்குழுவில் நான் ஒக்டபேட் என்ற மின்தாளம் அடிப்பவன். எனக்குக் கொஞ்சம் காது உண்டு. அவன் அந்தப் பட்டன்களை அமத்தினால் ஐம்பது வயலின் எழும்பும். சத்தியமாக அழகு. ஆனால் முதல் கல்யாண வரவேற்பிலேயே "இவர் மேடையில கேம் விளையாடுறார்" என்று பேச்சு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் பாட்டைக் கண்ணால் கேட்கிறவர்கள்.

"பெரிய கீபோட் மேடையில இரிக்கோணும். இல்லாட்டி நீ வேணாம் மனே," என்று தீர்ப்புச் சொன்னார் குழுத் தலைவர் இராசதுரை அண்ணன்.

அதனால் களுவாஞ்சிக்குடிக் கல்யாணத்துக்குக் கீபோட்டின் பிணமும் வந்தது, ஓட்டோவின் கூரையில், உச்சி வெயிலில். உதயரூபன் கருவியை அதன் மறைவில் வைத்து, இடது கையால் வாசித்து, வலது கையைச் செத்த கட்டைகளில் ஓடவிட்டான். கருவியின் பற்றரி பத்து நிமிடம் தாங்காது. அதன் சார்ஜர் மேடையில் மிச்சமிருந்த ஒரே பிளக்கில்.

பெண்ணின் தகப்பன் சொக்கிப்போய்க் கீபோட்டைத் தடவினார். "சத்தம் எண்டா இதுதான் சத்தம். ஐயோ, நல்லாச் சூடாகிட்டே தம்பி."

மனுசன் ஃபேன் ஒன்றைத் தூக்கி வந்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கில் ஃபேனைக் குத்தினார். உதயரூபன் வாய் திறக்கவில்லை. திறந்தால் குட்டு வெளிப்படும், குழுவில் இடமும் போகும்.

இரண்டாம் பாட்டின் நடுவில் சத்தம் நின்றது.

"நான் சொன்னன்தானே சூடு எண்டு. இன்னொரு ஃபேன் கொண்டாங்க."

உதயரூபன் எழும்பினான். கருவியைக் கையில் எடுத்துக் காட்டினான். "ஐயா, சத்தம் இதில இருந்துதான் வந்த. இந்தக் கீபோட் செத்து மூண்டு வருசம்."

மண்டபமே சிரித்தது. "நல்ல பகிடிக்காரன்," என்று தகப்பன் அவன் முதுகில் தட்டினார். இராசதுரை அண்ணனும் சிரித்தார். அவன் இடம் தப்பியது.

அடுத்த கல்யாண வீட்டார் அந்தப் பெரிய கீபோட் கட்டாயம் வேண்டும் என்றார்கள். அதை ஓட்டோவில் ஏற்ற ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மற்றப் பக்கத்தைப் பிடித்த உதயரூபன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். எனக்குத்தான் அழுகை வந்தது.