பனி மேல் பெயிண்ட் நிற்காது

ஞானசேகரன் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கடையில் சட்டைத் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலிலிருந்து அவர் மனைவி குரல் செய்தி அனுப்பியிருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டாராம், கஷ்டப்படவில்லையாம். "தையக்கடை கானுக்கும் சொல்லிருங்க அண்ணே" என்று முடித்திருந்தார். கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன். குல் கான் பாகிஸ்தானில் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர், வாய் ஓயாத ஆள். விஷயத்தைச் சொன்னதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை சாரின் பழைய அளவுச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அமீரகத்தில், இந்த அல் ஐனில், பழைய ஆட்களுக்கு சேகர் சாரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் இன்ஜினியராக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அதற்கெல்லாம் முன்னால், அண்டார்டிகாவில் இந்தியாவின் ஆய்வு நிலையத்தில் ஒரு முழுக் குளிர்காலம் ஜெனரேட்டர் ஓட்டியவர். மாதக்கணக்கில் அங்கே கப்பல் வராது, விமானம் வராது, சூரியனே வராது. அங்கிருந்து நேரே பாலைவனத்துக்கு வந்த மனுஷனுக்கு அல்லாஹ் என்ன உடம்பைக் கொடுத்தானோ என்று கேட்டிருக்கிறேன். "ரெண்டும் ஒண்ணுதான் பாய். வெளிய எறங்குனா செத்தோம், உள்ள இருந்தா சண்டை" என்பார்.

சண்டை என்றதும் என் கதைக்கு வந்துவிடுகிறேன். என் துணிக்கடைக்கும் குல் கானின் தையல் கடைக்கும் நடுவில் கூரை போட்ட ஒரு துண்டு இடம் இருக்கிறது. நாலு பேர் நிற்கலாம், அவ்வளவுதான். நான் லுங்கி ஸ்டாண்டை வெளியே எடுத்து வைத்தால், அவர் அதை நகர்த்திவிட்டுத் தன் வாடிக்கையாளருக்கு நாற்காலி போடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து நடுவில் கோடு போட்டேன். நடுவில் என்ன நடுவில், அவர் கதவை ஒட்டித்தான் போட்டேன். மறுநாள் அதன்மேல் கம்பளம் விரித்து வைத்திருந்தார். எங்கள் கூச்சல் கட்டட முதலாளி காதுக்குப் போனது. மேனேஜர் வந்து, இன்னொரு தடவை சத்தம் கேட்டால் இரண்டு கடைக்கும் கான்ட்ராக்ட் கிடையாது, கலாஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். காயல்பட்டினத்தில் என் வீட்டு அடுப்பு எரிவது இந்தக் கடையால்தான். குல் கானுக்கும் அதே நிலைமை. ஆனாலும் இறங்கிவர இரண்டு பேருக்கும் மனசில்லை.

சேகர் சார் என்னிடம் துணி எடுத்து அவரிடம் தைப்பவர். அதனால் இரண்டு பக்கமும் அவர் பேச்சு எடுபட்டது. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"அண்டார்டிகாவுலயும் இதே கததான் பாய். ஏழு நாடு வரைபடத்துல கேக் வெட்டுன மாதிரி கோடு போட்டு வச்சிருக்கு. எங்க நிலையம் நிக்கிற இடத்த நார்வே தனக்குங்குது. ஆனா எங்கள எந்திரின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. பனி மேல பெயிண்ட் நிக்காதுல்லா" என்றார் சார்.

எங்கள் இருவரையும் உட்கார வைத்து, பால் இல்லாத சுலைமானி டீ வாங்கிக் கொடுத்து, எனக்குத் தமிழிலும் குல் கானுக்கு இந்தியிலும் விளக்கினார். நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டபோது யாரையும் உரிமையை விட்டுக்கொடு என்று கேட்கவில்லையாம். அதை மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவும் வேண்டாமாம். இருந்தபடி உறைய வைத்துவிட்டு, எல்லோரும் வேலையைப் பார்த்தார்களாம். "நீங்களும் விட்டுக்குடுக்க வேண்டாம். ஃப்ரீசர்ல வைங்க" என்றார்.

எத்தனை நாளைக்கு என்று குல் கான் சந்தேகத்தோடு கேட்டார்.

"கரண்ட் இருக்கிற வரைக்கும். கரண்ட் என் பொறுப்பு."

தோற்கவில்லை என்ற திருப்தி எனக்கு. குல் கானுக்கும் அதே திருப்தி. இப்படி ஒரு ஏற்பாடு என் புத்திக்கு ஏழு ஜென்மத்துக்கும் எட்டியிருக்காது.

சரி, அந்த இடத்தில் என்னதான் வைப்பது? பனிவெளியில் ஆங்காங்கே குடில்கள் இருக்குமாம். பூட்டு கிடையாது. உள்ளே அடுப்பும் சாப்பாடும் இருக்கும். புயலில் மாட்டிய எந்த நாட்டுக்காரனும் நுழையலாம். அதையே இங்கேயும் செய்யச் சொன்னார். நான் ஒரு பெஞ்சு போட்டேன். குல் கான் தண்ணீர் கூலர் வைத்தார். ஜூலை வெயிலில் டெலிவரிப் பையன்களும் ரோடு வேலைக்காரர்களும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேதான் மூச்சு வாங்குவார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் அவர் கொண்டுவந்தார். ஜூன் இருபத்தொன்று அங்கே நடுக்குளிர்காலம், இருட்டு குறையத் தொடங்குகிற நாள். பனியில் தங்கியவர்களுக்கு அதுதான் பெருநாள். பக்கத்து ரஷ்ய நிலையத்துக்காரர்கள் விருந்துக்கு வருவார்களாம். இங்கே அது, குடும்பங்கள் பள்ளி லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிற சமயம். மிஞ்சுகிற ஆண்களைக் கூட்டி அந்தப் பெஞ்சைச் சுற்றிச் சாப்பாடு போட்டார். அவர் அவியல், குல் கானின் புலாவ், என் கறி. "நல்ல சீசன்ல வந்து கொடி நட்டுட்டுப் போறவன் விருந்தாளி. கெட்ட சீசன்லயும் இருக்கவன்தான் ஊர்க்காரன்" என்று சொல்லிக்கொண்டே பரிமாறுவார். இருபத்தைந்து வருஷமாகியும் விசாவில் இருக்கிற என்னை ஊர்க்காரன் என்று சொன்ன ஒரே மனுஷன் அவர்தான்.

போன வாரம் கட்டட முதலாளியின் மகன் வந்திருந்தார். இப்போது நிர்வாகம் அவர் கையில். பெஞ்சையும் கூலரையும் காட்டி, இந்த இடம் யாருடையது என்று கேட்டார். எனக்குப் பழைய மிரட்டல் ஞாபகம் வந்தது. குல் கானுடையது என்று கையைக் காட்டினேன். அதே நேரத்தில் குல் கானின் கை என்னைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூலரில் ஒரு கப் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, பெஞ்சு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருகிற ஜூன் இருபத்தொன்றுக்கும் விருந்து உண்டு. எல்லோரும் வாருங்கள். அவியல் மட்டும் யாராவது செய்து எடுத்து வாருங்கள், எங்கள் இருவருக்கும் வராது.

சேகர் சார், அந்த இடம் என்னுடையதுதான். அந்தப் பேச்சை நான் இன்னும் விடவில்லை, குல் கானும் விடவில்லை. இரண்டும் ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கின்றன. இனி கரண்ட் எங்கள் பொறுப்பு.