ஆளில்லாத தீவில் ஒரு நீலக் கேன்

யுத்தம் முடிந்து நான்காவது வருடம், மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்குக் கற்பிட்டியிலிருந்து போட் புறப்பட்டது. ஹோட்டல் மனேஜர் குறித்திருந்த நேரம் ஒன்பது. மிச்ச நாற்பது நிமிடமும் அவர் தன் தொப்பியைத் தேடியதில் போயிற்று.

போட் என் அயலவருடையது. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து, களப்பில் மீன்பிடித்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர். அன்று அவருக்குச் சோதனைச் சவாரி. மனேஜருக்குப் பிடித்தால் அடுத்த சீசன் முழுவதும் உல்லாசப் பயணிகளை ஏற்றும் வேலை. பிடிக்காவிட்டால் பழையபடி வலை. அவருக்கு ஆங்கிலம் வராது என்பதால் விளக்கம் சொல்ல நான் போனேன். வரலாறு என்றால் கூப்பிடாமலே போகிறவன்.

சொல்ல வேண்டியதை மனேஜர் ஒரு தாளில் அச்சடித்துத் தந்தார். முதல் வரியிலேயே கற்பிட்டிக் கோட்டைக்கு ஆயிரம் வயது.

"ஒல்லாந்தர் கட்டினது. பதினேழாம் நூற்றாண்டு," என்றேன்.

"கொஞ்சம் கூடினா உங்களுக்கு என்ன நட்டம் சேர்?"

அறுநூறு வருடத்துக்கு மேல் அவருக்குக் கொஞ்சம். வாசித்தேன். போட்டில் வந்த பயணிகள், வெள்ளைக்காரர் மூவரும், கோட்டையை மரியாதையோடு பார்த்தார்கள்.

அடுத்தது உச்சமுனைத் தீவு. அந்தப் பக்கம் போகும் எந்தப் போட்டும் வெறுமனே கடந்து போவதில்லை. குடிதண்ணீர், பாண், மருந்து, குறைந்தது ஊர்க்கதையாவது இறக்கிவிட்டுத்தான் போகும். நிற்காமல் போனால் ஏதோ கோபம் என்று கரையில் எடுத்துக்கொள்வார்கள். மனேஜரோ, கருவாட்டு மணம் பயணிகளுக்கு ஒத்துவராது, நிற்கவே கூடாது என்று புறப்படும்போதே சொல்லியிருந்தார்.

"தாளில என்ன சேர் எழுதியிரிக்கு?" என்று அயலவர் கேட்டார்.

"ஆளில்லாத தீவாம்."

"என்ட பொஞ்சாதிட தங்கச்சி அஞ்சு புள்ளையோட அங்கதானே இரிக்கா. அவ என்ன, கொக்கா?"

"நீங்க வாசிங்க சேர்," என்றார் மனேஜர்.

அந்த வரியையும் வாசித்தேன். முடிக்கும்போது பத்து இருபத்தைந்து. ஆளில்லாத தீவிலிருந்து ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தாள். தலையில் நீலப் பிளாஸ்டிக் கேன்.

"மச்சான், தண்ணி கொண்டந்தீங்களா? இல்லாட்டி தொரமாரோட போற கப்பலுக்கு எங்களக் கண்ணு தெரியாதா?"

மனேஜர் போகச் சொல்லிக் கையசைத்தார். ஆளில்லை என்று யாரோ எழுதிவிட்ட வீடு மன்னாரில் என் அயலவருக்கும் ஒன்று இருந்தது. எஞ்சினை நிறுத்தினார்.

"ரெண்டு நிமிசம் சேர். நிக்காமப் போனா எனக்கு வீட்ட சோறில்ல."

உயிர்காப்பு அங்கிகளின் குவியலுக்கு அடியிலிருந்து இரண்டு கேன் தண்ணீரும் நான்கு இறாத்தல் பாணும் வந்தன. நிற்காமல் போகும் யோசனை அவருக்குத் தொடக்கத்திலேயே இருந்ததில்லை. மனேஜரின் முகத்தைப் பார்த்து, வேலை போயிற்று என்று முடிவுகட்டினேன். ஆனால் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று படமெடுத்தார்கள், கோட்டையை எடுத்ததைவிட அதிகமாக. திரும்பும் வழியெல்லாம் மனேஜர் யோசித்தார். கரையில் இறங்கியதும் சீசன் வேலையை அயலவருக்கே கொடுத்தார்.

மனிதாபிமானம் வென்றது என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். அந்த வரியைப் பின்னர் அடித்துவிட்டேன்.

மறுவருடம் அதே மார்ச்சில் திரும்பவும் அந்தப் போட்டில் ஏறினேன். தாள் புதியது. கோட்டைக்கு வயது ஆயிரம்தான். கழிந்த ஒரு வருடத்தையாவது கூட்டியிருக்கலாம். உச்சமுனைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், 'கள்ளமறியாத மீனவர் தீவு' என்ற பெயரில். சரியாகப் பத்து இருபத்தைந்துக்கு அதே பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். தலையில் ஹோட்டல் கொடுத்த மண்குடம். நீலக் கேன் படத்துக்கு வடிவில்லையாம். பயணிகளின் காலுக்கு இடம் போதாதென்று, போட்டில் தண்ணீரும் பாணும் ஏற்றவும் தடை.

கேமராக்கள் ஓய்ந்ததும் அவள் கேட்டாள்:

"தண்ணி?"

"பின்னேரம் மத்தப் போட்ல வரும்."

"அப்ப இந்தப் போட் என்னத்துக்கு மச்சான் நிக்கிது?"

அயலவர் எஞ்சினை இழுத்தார். அவள் வெறுங்குடத்தைத் தலையிலிருந்து இறக்கி, நீலக் கேன் வைத்திருந்த கரைக்கு நடந்தாள். மத்தப் போட் வர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.